செக்குக் கல்லில் ஒரு ஞானஸ்நானத் தொட்டி

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் வழியில், கரிசல் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர்ச் சர்ச். அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்று சபையில் முடிவானபோது, என்னைத்தான் எழுதச் சொல்வார்கள் என்று இருந்தேன். முப்பது வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள் நான். போதகரோ என் தங்கையிடம் கேட்டுவிட்டார். அவள் பேங்க்காரி. ஒற்றுப்பிழை இல்லாமல் ஒரு பக்கம் எழுத வராது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நோட்டோடு என்னிடம் வந்தாள்.

“யக்கா, இந்த ஞானஸ்நானத் தொட்டி சீமையில இருந்து கப்பல்ல வந்துச்சுன்னு எல்லாரும் சொல்லுதாவ. நெசமா? உனக்கு ஏதும் தெரியுமா?”

தெரியும். அவள் பிறப்பதற்கு முன்பு, சர்ச்சுக்கு வெள்ளையடித்த ஒரு நாள், அங்கே உபதேசியாராக இருந்த எங்கள் அப்பா என்னைக் குனியச் சொல்லிக் காட்டினார். ஊரில் எண்ணெய் ஆட்டிய கல்செக்கை வெட்டிச் செய்த தொட்டி அது. எண்ணெய் வடிந்த துளையை ஈயம் ஊற்றி அடைத்த தடம் அடியில் இருக்கும்.

“எனக்கு என்னத்தத் தெரியும்?” என்றேன்.

அவள் விடவில்லை. நல்ல சேலையோடு தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு சாமானாகப் பார்த்தாள். பிரசங்க பீடத்தின் பின்பக்கம், அதைச் செய்த ஆசாரி தன் ஊரைக் கீறி வைத்திருந்தாராம்: வாசுதேவநல்லூர். அது எனக்கே தெரியாது. வயிறு எரிந்தது. அதற்கடுத்த வாரம் ஈயத் தடத்தையும் கண்டுபிடித்துவிட்டாள்.

சபையே கூடி உண்ணும் அசனத்தன்று புத்தகத்தை வாசித்தபோது கைதட்டல் அடங்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டுத் தொட்டியைக் குனிந்து பார்க்க வரிசை நின்றது. நான் மூன்றாம் பக்கத்தில் இரண்டு பிழைகளுக்குப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “செக்குன்னு தைரியமா எழுதிட்டேன்க்கா. ஒருவேள தப்பா இருந்தா?”

அவள் முகம் வெளிறியிருந்தது. வாய் என்னை மீறிப் பேசிவிட்டது.

“தப்பில்லட்டி. அப்பா அன்னைக்கே எங்கிட்ட காட்டியிருக்காவ.”

ஏன் மறைத்தாய் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். சண்டைக்குத் தயாராகக்கூட இருந்தேன்.

“அப்பாடா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு வாரமா தூக்கமில்லக்கா.” எழுந்து போதகரிடம் ஓடினாள், அப்பாவே சொல்லியிருக்கிறார் என்று சொல்ல. அப்பா என்னிடம் மட்டும் சொன்ன ஒன்று, அதுவும் இப்போது அவளுடையதாகிவிட்டது.