பாதி முகத்துக்கு மண்

"எந்தப் பக்கம் சார் மினுக்குது? பொய் சொல்லாம சொல்லுங்க."

என் மூக்குக்கண்ணாடியின் காலைச் சூடான காற்றில் வாட்டி வளைத்தபடியே கேட்டார் கடையிலிருந்த அக்கா. முகத்தை இடப்புறமும் வலப்புறமும் திருப்பிக் காட்டினார். இடது கன்னத்துக்கு எண்ணெய்ப் பசையை எடுக்கிற மண் கலந்த பேஸ்வாஷ், வலது கன்னத்துக்குப் பழைய சோப்பு. ஒன்பது நாளாக இப்படி. வலதுதான் மினுக்குகிறது என்றேன். "என் தங்கச்சி உங்ககிட்ட பேசினாளா?" என்று உடனே கேட்டார். அந்த பேஸ்வாஷ் ட்யூபை வாங்கிக் கொடுத்தவள் தங்கை.

கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். வருகிறவர்களுக்கு அவர் 'கண்ணாடி அக்கா'. கூட வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'சிபிஐ'. பார்வை சோதிக்கும்போது எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கச் சொல்வார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். ஒருவர் உடைந்த பிரேமை நீட்டி, "தானா உடைஞ்சிருச்சு" என்றார். அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தானாவா? மேல உக்காந்தது யாரு, நீங்களா உங்க வீட்டம்மாவா?" அவர் தலையைச் சொறிந்தார்.

ஊருக்கே கண்ணாடி பொருத்துகிறவரின் கண்ணாடி அவர் மூக்கில் நிற்காது. அப்படி எண்ணெய் வழியும். நான்கு முறை மூக்குப் பட்டையை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் முகத்தில் எதையும் பூச மாட்டார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் சித்தி கொடுத்த ஏதோ ஒரு க்ரீமைப் பூசி, வலது கன்னம் வெந்து தோல் உரிந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் ஒரு பக்கமாகத் திரும்பியே நிற்கிறார். "முன்னாடி பாத்து எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல சார்."

அதனால் தங்கை தந்த ட்யூப் லேசில் முகத்தை எட்டவில்லை. பின்னாலிருந்த பொடி எழுத்தைக் கடையின் பூதக்கண்ணாடியில் படித்தார். முழங்கை மடிப்பில் ஐந்து நாள் தடவிப் பார்த்தார். பிறகுதான் பாதி முகம். அதுவும் தேறியபின் முழு முகம், வாரத்துக்கு இரண்டு நாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரே நிமிடம், மண் காய்ந்து இறுகும் முன்னால் கழுவிவிடுவார். ட்யூபை அடியிலிருந்து சுருட்டி ஒரு கிளிப் போட்டு வைப்பார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது என் கண்ணாடியைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"ட்யூப் குறையுது சார்."

மகள் விடுதியில் இருக்கிறாள். வீட்டில் அவரும் கணவரும்தான். கணவர் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கேட்டதற்கு, "மண்ணைப் பூசிக்கிட்டு நான் எங்க போகப் போறேன்?" என்றாராம். அடுத்த நாள் காலை கணவரின் காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு காய்ந்து கிடந்தது.

"துணி சோப்புல மூஞ்சி கழுவின மனுஷன் சார். அம்பது வயசுல எதுக்கு இந்த மினுக்கு? என் மண்ணையே எடுத்து என் கண்ணுல தூவுறாரு." சொல்லும்போது கையிலிருந்த யாருடையதோ பிரேமின் திருகாணியை ஒரு சுற்று அதிகமாகவே முறுக்கினார். சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, அக்கா காலை ஆறு மணிக்குக் கிடங்கு வாசலுக்கு எதிரே, நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போய் நின்றார். எந்தப் பெண் வருகிறாள் என்று பார்க்கத்தான். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாராம்.

பெண் யாரும் வரவில்லை. வாசலில் புதிதாக ஒரு மெஷின் மாட்டியிருந்தார்கள். முகத்தைக் காட்டினால் வருகைப் பதிவாகும். கணவர் போய் நின்றார். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மெஷின். நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றார். "மீண்டும் முயற்சிக்கவும்." பின்னால் வரிசை நீண்டது. "அண்ணே, மூஞ்சிய வீட்ல வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"அந்தச் சிரிப்புதான் சார் தாங்கல." கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார்.

மாலையில் கேட்டதும் கணவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேலைக்குப் போய் நின்றும் மூன்று நாள் ஆப்சென்ட். இன்னொன்று விழுந்தால் ஷிப்ட் கைமாறிவிடும். முகத்துப் பளபளப்புதான் காரணம் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் கேட்க வெட்கம். திருட்டுத்தனமாகப் பூசி, அக்கா எழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் அரைகுறையாகத் துண்டால் துடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

"மெஷினையும் நான் சும்மா விடல. நேரா தலைக்கு மேல ட்யூப்லைட்டு. நெத்தியில பட்டுத் தெறிக்காதா? ஒரு அடி தள்ளி நில்லுங்கன்னேன். மறுநாள் முதல் தடவையே எடுத்துக்கிச்சு. பழைய மூணு நாளும் வேலைக்கு வந்தேன்னு ஆபீஸ்ல அவரை எழுதிக் குடுக்க வச்சுட்டேன்."

"அப்போ அவரை நம்பிட்டீங்க."

"நம்பாம?" என்றவர், சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

அன்று காலை கணவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே பூசிவிட்டிருக்கிறார். நெற்றி, மூக்கு, கன்னம். கண்ணைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அவர் குழந்தை மாதிரி இறுக மூடிக்கொண்டார். பக்கத்து மேசையில் அவருடைய போன் கிடந்தது. அக்காவின் இடது கை சத்தமில்லாமல் அதை நோக்கிப் போயிருக்கிறது.

"சார்ஜ் போயிடுச்சு. ஒயரு அலமாரி மேல இருக்கு, போட்டுப் பாத்துக்க" என்றாராம் கணவர், கண்ணைத் திறக்காமலே.

அக்கா போனை விட்டுவிட்டு, விரலில் மீதியிருந்த மண்ணை அவர் மீசையில் அப்பியிருக்கிறார்.