நைனாவின் ஐந்து போர்க்கப்பல்கள்

பெங்களூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பிப்ரவரியில் கிரகப்பிரவேசம். நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) பழைய ஆல்பத்தில் இருக்கும் ஐந்து போர்க்கப்பல் படங்களைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் கப்பலின் பெயர் இருக்க வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. சம்பந்தி கடற்படையில் இருந்தவர் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை அதிகம். பெயர்களைக் கண்டுபிடிக்கத்தான் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். இதேபோல் கப்பல் படத்தை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கு உதவட்டுமே என்று எழுத ஆரம்பித்த பதிவு இது. எழுதி முடிக்கும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது.

முதலில் கொஞ்சம் பின்கதை. எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம், ஆந்திர எல்லைக்குள். சொந்த நிலம் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் நான் சித்தூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தபோது, நைனா ஒரு மேஸ்திரியோடு குஜராத்துக்குப் போனார். ‘கப்பல் வேலை’ என்றார். அவ்வப்போது தபாலில் ஒரு படம் வரும். சாம்பல் நிறக் கப்பல், பக்கவாட்டில் பெரிய எண், முன்னால் நாலைந்து பேரோடு நைனா. ஹாஸ்டலில் ஒருவன், “உங்கப்பா நேவியா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் பெண் பார்க்கப் போன வீட்டுக்கும் என் கூடவே வந்தது.

என் கல்யாணம் மே மாதம். நைனாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை தீக்காயத் தழும்பு உண்டு. பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்களே என்று முழுக்கைச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மூன்று வேளையும் பந்தியில் உட்கார்ந்தார். மாமனார் எப்படியோ பார்த்துவிட்டுக் கேட்டபோது இன்ஜின் அறை விபத்து என்றேன். பென்ஷன் ஏன் வரவில்லை என்றதற்கும் ஒரு பதில் கைவசம் இருந்தது.

இந்தப் பயணத்துக்கு முன்னால் நைனாவைத் தொலைபேசியில் கேட்டேன். “நெம்பருதான் தெரியும்டா, பேரு யாரு பாத்துது?” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

காலை ஐந்தரைக்கு பெங்களூரில் பஸ். திருப்பதிக்கு டிக்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய். எட்டேமுக்காலுக்குச் சித்தூரில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். இட்லியைத் தவிர்த்துவிட்டு தோசை சாப்பிடுங்கள், இட்லி முந்தைய நாளுடையது போலிருந்தது. பதினொன்றே முக்காலுக்குத் திருப்பதி. அங்கிருந்து திருச்சானூர் ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய். ஓட்டுநர் என் மடியிலிருந்த ஆல்பத்தைப் பார்த்து, “அம்மவாரு தர்சனமா சார்?” என்றார்.

“இல்லீங்க, கப்பல் விஷயமா.”

“கப்பலா? தெப்பம்கூட இப்ப இல்லியே சார்.”

நான் பார்க்கப் போனவர் தேசிங்கு. அலுவலக நண்பனின் பெரியப்பா, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். இருபத்து நான்கு வருடம் கடற்படையில் இருந்துவிட்டு இப்போது கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜைக் கவனித்துக்கொள்கிறார். வரவேற்பு மேஜையிலேயே ஆல்பத்தை விரித்து, பூதக்கண்ணாடியை எடுத்தார். எண்ணையும் மேல்தளக் கம்பத்தின் அமைப்பையும் பார்த்தே முதல் இரண்டு கப்பல்களின் பெயரைச் சொன்னார். எனக்கு ஒரே உற்சாகம். மூன்றாவது படத்தில் நின்றுவிட்டார்.

“இதுல நான் ஆறு வருசம் இருந்தேன்” என்றார்.

“அப்போ நைனாவைத் தெரிஞ்சிருக்கும்” என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “இதுல பீரங்கி எங்க கீது, காட்டுங்க. கொடி எங்க? அடியில பாருங்க, தண்ணியே இல்ல. சேத்துல குந்திகினு கீது.”

படத்தில் எல்லாருடைய காலடியிலும் ஒரு பூசணிக்காய், குங்குமம், எரியும் கற்பூரம். புதுக் கப்பலுக்குப் போடும் பூஜை என்று இத்தனை வருடமாகப் பார்ப்பவர்களுக்கெல்லாம் நான் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

“கப்பல் உடைக்கிற எடத்துல போடற பூசை சார் இது” என்றார் தேசிங்கு. “மொத வெட்டு உழுறதுக்கு முன்னாடி பூசை போட்டு, கூட்டமா நின்னு படம் புடிச்சிக்குவாங்க. அப்பால படம் புடிக்க கப்பலு இருக்காதே. உங்க நைனா கப்பல்ல போனவரு இல்ல. கப்பலை வெட்டினவரு.”

எனக்கு உண்மை தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் பதினைந்து வருடம் கேட்காமல் இருந்தேன். தேசிங்குவின் கப்பலை வெட்டியவரின் மகன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான், அதுவும் பொய் சொல்லிக்கொண்டு. திட்டியிருந்தால் தேவலை. அவர், “கையில தழும்பு கீதா?” என்று கேட்டார்.

“இருக்கு சார்.”

“கேஸ் கட்டரு புடிச்சிருப்பாரு. அங்க வேலை செஞ்சிட்டு உசுரோட ஊருக்கு வந்ததே பெருசு. எங்களுக்கு பென்ஷன் கீது, கேன்டீன் கீது. அவருக்கு இன்னா கீது?”

ஐந்து பெயர்களையும் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். இணையத்தில் போட வேண்டாம், அதில் இருந்தவர்கள் பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்றார். அதனால் இங்கே எழுதவில்லை.

திரும்ப பெங்களூர் போவதாகத்தான் திட்டம். ஆனால் இரண்டரைக்கு நகரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். புத்தூர் வழியாக ஒன்றே முக்கால் மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். நகரியிலிருந்து எங்கள் ஊருக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ. நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல், “கப்பல் வெட்டற வேலையா நைனா செஞ்ச?” என்று கேட்டேன்.

“பின்ன இன்னான்னு நெனச்ச?”

“நேவின்னு நான் சொல்லும்போதெல்லாம் ஏன் சும்மா இருந்த?”

“நாலு பேரு எதிர்ல நீ சொல்லிக்கினு கீற. நான் போயி இல்லன்னா உனுக்குத்தானே அசிங்கம்?”

தேசிங்குவின் கப்பலைக் காட்டினேன். படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்ல இரும்பு. நாலு மாசம் வெட்டினோம். அவரு ரொம்ப வருத்தப்பட்டாரா?” என்றார். அப்புறம் வாளியை எடுத்துக்கொண்டு போனவர் நின்று திரும்பி, “வீட்டு விசேசத்துக்கு அந்த முழுக்கைச் சட்டையே எடுத்துனு வரட்டா? காலரு கொஞ்சம் கிழிஞ்சி கீது” என்றார். அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

உங்களிடமும் கப்பல் படம் இருந்தால், ஆல்பத்தையே எடுத்துப் போங்கள். ஒட்டிய படத்தை உரித்தால் பின்பக்கத் தாள் கிழிந்துவிடும், என்னுடையது ஒன்று போயிற்று. பக்கவாட்டு எண், பீரங்கி, கொடி, கப்பலுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். திருச்சானூரில் சனிக்கிழமை கூட்டம் அதிகம், வார நாளில் போவது நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால், படத்தில் நிற்கும் ஆள் உயிரோடு இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். செலவே இல்லை.

பித்தளைத் தகடுகளுக்குச் சொல்லிவிட்டேன். ஐந்திலும் நைனாவின் பெயரும், அதன் கீழே ‘கப்பல் உடைக்கும் தொழிலாளி’ என்றும் இருக்கும். மாமனாரிடம் சொல்ல மூன்று முறை போனை எடுத்தேன், வாய் வரவில்லை. அவர் இந்த வலைப்பூவை ஒன்றுவிடாமல் படிப்பவர். மாமா, பிப்ரவரியில் நைனா அரைக்கைச் சட்டையில்தான் வருவார்.