வெயிலுக்குப் போனவர்

மலைப்பாதையின் ஒரு வளைவில் என் வீட்டுக்காரர் ஜீப்பை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்த அந்தக் காலைப்பொழுது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆளேற்றிப் போகும் டீசல் ஜீப் அது. அன்று நானும் எங்கள் மகளும் அதில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு லாரி கரும்புகையைக் கக்கியபடி ஊர்ந்தது. எங்கள் வண்டியும் புகையில் அதற்குச் சளைத்ததில்லை. மடியிலிருந்த மகளுக்கு இளைப்பு கண்டுவிட்டது. உறிஞ்சும் மருந்தைக் கொடுத்தும் அடங்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விலா உள்ளே போய் வந்தது. அவர் இறங்கி வந்து அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, பாதையை விட்டு விலகி மரங்களுக்கு நடுவே மேலேறினார். நான் பின்னால் ஓடினேன். வண்டியிலிருந்த யாரும் நேரமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுக்கு மூச்சு மெல்லச் சீரானது. அதன் பிறகும் அவர் அவளைக் கீழே இறக்கவில்லை. "புகைய ஊதறதும் நானே, மருந்து வாங்கியாறதும் நானே. இன்னா பொழப்பு மே இது?" என்றார்.

அந்த ஜீப் என்றால் அவருக்கு உயிர். மலையிலிருந்து பலாப்பழமும் கடுக்காயும் மரவள்ளிக்கிழங்கும் அதில்தான் இறங்கும். பிரசவத்துக்குப் பெண்களும் அதில்தான் இறங்குவார்கள். பொழுது சாய்ந்தால் வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும். நான் தையல் மெஷினை மூடிவிட்டு உலை வைப்பேன். தினமும் வீடு திரும்புகிற வேலை அது. அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

புகைதான் காரணம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. தூசி, பனி, பிறவியிலேயே உள்ள வாகு, எதுவாகவும் இருக்கலாம் என்றார். ஆனால் இவர் மனசு அந்த வளைவிலேயே நின்றுவிட்டது. ஜீப்பை விற்றார். வாங்கியவர் அதே பாதையில்தான் அதை ஓட்டினார். எங்கள் வீட்டை விட்டுப் போன புகை, ஊரை விட்டுப் போகவில்லை.

பிறகு சின்னசேலம் பக்கம் வயல்களில் சோலார் மோட்டார் போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பழகினார். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஒருநாள் எங்களையும் கூட்டிப்போனார். கிணற்றடியில் சோலார் பலகைகள் வெயிலில் சும்மா சாய்ந்து கிடந்தன. குழாயில் தண்ணீர் கொட்டியது. "பாரு கண்ணு, டீசலும் இல்ல, சத்தமும் இல்ல" என்று மகளிடம் காட்டினார், தானே அந்தச் சூரியனைச் செய்துவைத்தவர் போல. அவள் தலையை நீட்டி நனைந்தாள். சளி பிடிக்கும் என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

அந்த வேலை நிலைக்கவில்லை. இங்கே புதிதாகப் போடுவோர் குறைந்தார்கள். கான்ட்ராக்டர் ராஜஸ்தானுக்குக் கூப்பிட்டார். பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பலகைகள் நிறுத்துகிறார்களாம். சின்னசேலம் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடும்போது அவரிடம் கேட்டேன், "நம்மூர்ல இல்லாத வெயிலாங்க அங்க?"

"வெயில் இங்கயும் ஜாஸ்திதான் மே. வேலதான் கம்மி. ஒரு ஆறு மாசம், வந்துடறேன்."

ஆறு மாதம் வருடங்களாகிவிட்டது. பொங்கலுக்கு வருகிறார், கருத்துப்போய், விருந்தாளி மாதிரி செருப்பை எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டு. மகள் வளர்ந்துவிட்டாள். டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள். இளைப்பு எப்போதாவதுதான் வருகிறது. டீசல் ஒழிய வேண்டும் என்று டி.வி.யில் பேசும்போது நான் தலையாட்டவே செய்கிறேன். அந்த விலாவைப் பார்த்தவள் வேறென்ன செய்வேன். அந்தப் பலகைகளை நிமிர்த்தி நிறுத்துகிற கைகள் எந்தெந்த வீட்டை விட்டு வந்தவை என்பதை மட்டும் டி.வி.யில் யாரும் பேசுவதில்லை.

போன வாரம் பொழுது சாய்ந்த நேரம், மகள் அவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டது. வீடு இருண்டு, போன் மட்டும் வெளிச்சமாக இருந்தது. எங்களுக்கு இருட்டிய பிறகும் அந்தப் பக்கம் சூரியன் சற்று நேரம் தங்கும் போலிருக்கிறது. எங்களை விட்டுப் போன வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னா, கரண்ட் இல்லியா?" என்றார். "இங்க பாரு, எவ்ளோ போட்டுகீறோம்னு."

போனைத் திருப்பினார். வரிசை வரிசையாகப் பலகைகள், முடிவே இல்லாமல், செவ்வெயிலில் மின்னின. மகள் ஆவென்று பார்த்தாள். நான் அவள் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"போதுங்க. இந்தப் பக்கம் திருப்புங்க. அங்க வெயில் போறதுக்குள்ள உங்க மூஞ்சியக் கொஞ்சம் காட்டுங்க."