கழுவிவைத்த காளான்

மழை விட்டதும் நன்மங்கலம் காட்டோரத்தில் ஒரு காளானைப் பறித்தேன். குடையின் அடியில் மடிப்புகளே இல்லை, பஞ்சுபோல் நுண்துளைகள். வீட்டுக்கு வந்து, சமையலறை மேடையில் வைத்து மேலிருந்து படம்பிடித்து, என்ன இனம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எரிச்சலாக வந்தது. கடைசியில் ஒருவர், "அடிப்பக்கத்தை அனுப்புங்க, விஷமான்னு பார்க்கணும்" என்றார்.

சமையலறைக்கு ஓடினேன். மனைவி அந்தப் பஞ்சையெல்லாம் சுரண்டிக் கழுவி நறுக்கிவிட்டு, வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? இனி எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வாங்கிட்டு வந்தீங்கன்னு நினைச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டவன், அதைச் சாப்பிட இருந்தவளிடம் சொல்லவில்லை.

அடுப்பை அணைத்து, எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். அது விஷமா என்று இன்றுவரை தெரியாது. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தாலே என் கை அடுப்பை அணைக்கப் போகிறது.