நான் நிக்கிறன்

கிரிக்கெட்டில் எனக்கு எந்த ஈடுபாடும் கிடையாது. ஒரு சனிக்கிழமை ஸ்கோர் எழுதுகிறவருக்குக் காய்ச்சல் என்று என் கணவர், "இண்டைக்கு மட்டும் வந்து எழுதும்" என்று கேட்டார். அந்த இண்டைக்கு மட்டும் பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் ஊரில் நாங்கள் வைத்திருக்கும் தமிழ்க் கழகத்துக்கு அவர் தலைவர், அணித்தலைவர், ஐம்பத்தொரு வயதில் இரண்டு முழங்காலிலும் பட்டி கட்டிக்கொண்டு விக்கெட் காப்பாளர். நான் மடக்கு மேசையும் பென்சிலும் ஸ்கோர் புத்தகமும். கழகத்தில் எல்லோருக்கும் நான் அக்கா. அன்ரி என்று கூப்பிட்டால் பத்து ஓட்டத்தைக் குறைத்து எழுதுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்னக் கழகம் எங்களுடையது. பதினொரு பேரைச் சேர்ப்பதற்குள் வியாழக்கிழமையே என் கணவருக்குப் பிரஷர் ஏறிவிடும். ஒருவருக்கு வேலை மாறிவிடும், ஒருவருக்கு மச்சாளின் பிறந்தநாள் வந்துவிடும், இன்னொருவருக்கு முதுகு பிடித்துவிடும். கொம்யூன், அதாவது நகரசபை, புல் வெட்டிய வாரம் பந்து ஓடும். வெட்டாத வாரம் எல்லோருமாகச் சேர்ந்து பந்து தேடுவோம். இப்படியான கழகத்தில்தான் அவனும் விளையாடினான்.

அவன் எங்கள் வேகப்பந்து வீச்சாளன். இங்கேயே பிறந்தவன், இருபத்தாறு வயது, களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறான். எஸ்பியர்க்கில் இருந்து வரும் அணியினர் காரை நிறுத்தியதும் நேரே என் மேசைக்கு வந்து, "அக்கா, அவர் இண்டைக்கு வந்திருக்கிறாரோ?" என்று விசாரிப்பார்கள். நான் பதில் சொல்லாமல் பென்சில் சீவுவேன். அவன் தூரத்தில் சப்பாத்துக் கட்டுவதைக் கண்டதும் அவர்களுடைய முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன வருடம் இலையுதிர்காலத்தில் அந்தக் கதை வந்தது. கொப்பன்ஹேகனில் ஒரு பெரிய கழகம் அவனைக் கேட்கிறதாம். வீடு பார்த்துக் கொடுக்கிறார்களாம், வேலையும் எடுத்துக் கொடுக்கிறார்களாம். ஒரு நாள் அவன் விளையாட்டுப் பையோடு ரயில் ஏறியதை எங்கள் ஆள் ஒருவர் கண்ணால் கண்டுவிட்டார். செய்தியைக் கேட்டு என் கணவர் சோற்றுக்கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவன் இல்லாவிட்டால் அணி இந்தப் பிரிவில் நிலைக்காது, இறங்கிவிட்டால் இருக்கிற நாலு பெடியளும் வேறு இடம் பார்ப்பார்கள், அதோடு கழகத்துக்கு மூடுவிழாதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவனிடம் நேரே போய்க் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் ஓம் என்றுவிடுவானோ என்று பயம்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டங்களில் அவன் பந்து அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. வைட் போனால் ஸ்கோர் புத்தகத்தில் சின்னதாகச் சிலுவைக்குறி போட வேண்டும். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். "மனம் கொப்பன்ஹேகனிலை, கைதான் இஞ்சை" என்று அப்போது ஒரு பகிடியும் விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் அருகில்தான் நின்றான்.

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. வீட்டில் என் மகள் நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொல்வாள். பதினெட்டு வருடம் மல்லுக்கட்டித் தோற்றுவிட்டேன். அந்தக் கோபத்தை மைதானத்தில் தீர்த்துக்கொள்வேன். என் மேசைக்கு முன்னால் எவன் டேனிஷில் வாயைத் திறந்தாலும், "தமிழிலை சொல்லு" என்று வெட்டிவிடுவேன். இங்கே பிறந்த பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் வானத்தைப் பார்த்து வசனம் கட்டிவிட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மார்ச் மாதம் ஆண்டுக் கூட்டம் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் இருபது கதிரை, இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி, நான் பொரித்த ரோல்ஸ். அறிக்கை வாசித்து, தலைவரையே திரும்பவும் தலைவராக்கி, கடைசியில் வேறு ஏதாவது உண்டோ என்று கேட்டபோது பின்வரிசையில் இருந்து அவன் எழும்பினான். என் கணவர் பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

அவன் டேனிஷில் தொடங்கினான். முதல் வசனம் முடியவில்லை, நான் குறுக்கே விழுந்தேன். "தமிழிலை சொல்லு, தம்பி. இஞ்சை எல்லாரும் தமிழ் ஆக்கள்தானே."

அவன் வானத்தைப் பார்த்தான். மண்டபத்தில் வானம் இல்லை, மின்குமிழைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"நான்... கனக்க யோசிச்சனான். நான் நிக்கிறன்."

அவ்வளவுதான். எங்களோடேயே நிற்கிறான், போகவில்லை. ஒரு நொடி எங்களுக்கு நம்ப முடியவில்லை. பிறகு யாரோ கை தட்டினார்கள், உடனே மண்டபம் முழுக்கக் கை தட்டியது. என் கணவர் முழங்காலை மறந்து ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தார். "நல்ல முடிவு எடுத்தாய். இனித்தான் எங்களுக்கு நிம்மதி" என்றார். நான் என் பங்குக்கு, "இந்தச் சொல்லைக் கேக்கத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தனாங்கள்" என்றேன்.

அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். "எல்லாருக்கும் சந்தோசமோ, அக்கா?" என்று கேட்டான்.

"பின்னை? இதைவிட எங்களுக்கு என்ன வேணும்?"

வேலைக்குப் போகவேண்டும் என்று அவன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் புறப்பட்டான். நான் நாலு ரோல்ஸை ஈயத்தாளில் சுற்றி நீட்டினேன். இடது கையை நீட்டினான். வாங்குகிற முறையா அது? "வலக்கையாலை வாங்கு" என்று அதட்டினேன். அவன் வலக்கையை மெல்ல, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு நீட்டி வாங்கினான். பெரிய கழகத்தை விட்ட கவலை என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் சில்க்போர்க்கில் இருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளர் எங்களோடு சேரலாமா என்று எழுதிக் கேட்டார். எங்களுக்கு ஆள் இருக்கிறது என்று நானே பதில் போட்டேன், கொஞ்சம் மிதப்பாகவே போட்டேன். ஏப்ரலில் பயிற்சி தொடங்கியது. அவன் வரவில்லை. அவனுக்கு எதற்குப் பயிற்சி என்றார் என் கணவர். இரண்டு முறை அவர் ரெலிபோன் அடித்தபோதும் அவன் எடுக்கவில்லை. வேலையில் நிற்பான் என்று விட்டுவிட்டோம்.

மே மாதத்தில் முதல் ஆட்டம், எங்கள் மைதானத்தில், எஸ்பியர்க்கோடு. வழக்கம்போல அவர்கள் என் மேசைக்கு வந்து அவனை விசாரித்தார்கள். "வருவார், வருவார்" என்று பென்சில் சீவினேன். நாணயம் சுண்டும் நேரம் வந்தது. அவன் வரவில்லை. பத்துப் பேரோடு இறங்கினோம். பந்து வீச ஆளில்லாமல் என் கணவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தானே நாலு ஓவர் வீசினார். அதை நான் எழுதத்தான் வேண்டியிருந்தது. எங்களை அன்று துவைத்து எடுத்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் புல்லில் இருந்தார்கள். "கொப்பன்ஹேகனுக்குப் போயிட்டான்போலை" என்று ஒருவர் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் எழும்பி நின்று வாக்குக் கொடுத்துவிட்டு இப்படியும் ஒருவன் செய்வானா? அங்கேயே நின்று அவனுக்குக் குரல்செய்தி அனுப்பினேன். "சொன்ன சொல்லிலை நிக்கத் தெரியாதோ உனக்கு? ஏலாதெண்டால் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே. எங்களைப் பாத்து எல்லாரும் சிரிக்க வைச்சிட்டியே" என்றெல்லாம் சொன்னேன். அதுவும் ஆத்திரத்தை ஆற்றவில்லை. கணவரை மைதானத்திலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடந்தால் பக்கத்து வீட்டில் விசாரிப்பதென்று இருந்தேன்.

மணி அடித்ததும் அவனே கதவைத் திறந்தான். வலக்கை மடித்து, நெஞ்சோடு சேர்த்துக் கட்டித் தொங்கியது. வாயில் வைத்திருந்த ஏச்செல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

"என்னடா இது?"

"ஒப்பரேசன், அக்கா. தோள். மூண்டு கிழமை ஆகுது. இனிப் பந்து போட ஏலாதாம்."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான்" என்றான். என்னை விசித்திரமாகப் பார்த்தான். "மீட்டிங்கிலை எல்லாருக்கும் சொன்னனான். நான் நிக்கிறன் எண்டு."

"நிக்கிறன் எண்டால் நிக்கிறதுதானே?"

"ஓம், அதுதான். யாய் ஸ்டொப்பர்." நான் விளங்காமல் நிற்பதைக் கண்டு பொறுமையாக விளக்கினான். "பஸ் நிக்கும். மழை நிக்கும். நானும் நிக்கிறன். இனி விளையாடமாட்டன்."

இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் டேனிஷ் பேசி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். ஸ்டொப்பர் என்றால் விட்டுவிடுகிறேன், இத்தோடு முடிந்தது என்று எனக்குத் தெரியாதா? பஸ் நிற்பதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான். அவன் அந்தச் சொல்லை எடுத்து, நேர்மையாகத் தமிழாக்கி, எங்கள் முன் வைத்திருக்கிறான். 'வீட்டிலை நிக்கிறன்', 'வேலையிலை நிக்கிறன்' என்று நாங்கள் இருப்பதற்கும் அதையே சொல்வோம் என்பது அவனுக்கு அந்த நேரம் நினைவில்லை. டேனிஷிலேயே விட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். வெட்டியது நான்.

ஆனால் அதைவிடப் பெரிய அடி பிறகுதான் விழுந்தது.

"நீங்கள் எல்லாரும் கை தட்டினீங்கள், அக்கா" என்றான். குரலில் கோபமே இல்லை. "அண்ணை நல்ல முடிவு எண்டு சொன்னவர், இனி நிம்மதி எண்டு. நீங்கள் இதைக் கேக்கத்தான் காத்திருந்தனாங்கள் எண்டு சொன்னீங்கள். போன வருசம் நான் கனக்க வைட் போட்டனான். அதாலை எண்டு நினைச்சன். பறவாயில்லை எண்டு வந்திட்டன்."

ஏழு வருடம் எங்களுக்காகத் தோள் கிழியப் பந்து வீசியவன் எழும்பி நின்று, என்னால் இனி முடியாது என்கிறான். நாங்கள் கை தட்டி, கட்டிப்பிடித்து, ரோல்ஸ் சுற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அந்த நோகிற கையாலேயே வாங்கு என்று அதட்டியுமிருக்கிறேன். இரண்டு மாதம் அவன் இந்த வீட்டில் அதை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அழுகை வந்தது, அழுதேன்.

விளங்கவைக்க வெகுநேரம் எடுத்தது. தமிழில் பாதி, டேனிஷில் பாதி. விளங்கியதும் அவன் சுவரில் சாய்ந்து, இல்லையென்று டேனிஷில் "நை" என்றான். பிறகும் "நை, நை" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கொப்பன்ஹேகனுக்கு அவன் போனது உண்மைதான். கூப்பிட்டார்கள், பார்ப்போமே என்று போனான். உள்ளரங்கில் பத்துப் பந்து போட்டதும் அந்தப் பயிற்றுநர் நிறுத்தி, எவ்வளவு நாளாக நோகிறது என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னாய்?"

"போன யூன் மாதத்திலை இருந்து எண்டன்."

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

"அண்ணை இன்னும் ஒரு ஓவர் எண்டு கேப்பார். வேறை ஆள் இல்லைத்தானே."

காருக்குள் வந்து இருந்து ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தேன். போன வருடமும் அதே புத்தகம்தான். மே மாதம் அவன் பெயருக்கு நேரே எல்லாம் துப்புரவு. யூன் நடுவில் ஒரு சிலுவைக்குறி, பிறகு இரண்டு, ஓகஸ்டிலும் செப்டம்பரிலும் வரிசையாக. யாரோ ஒருவர் பத்துப் பந்தில் கண்டதை நான் ஒரு பருவம் முழுக்க என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதி, பகிடியும் விட்டிருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் முழங்கால் பட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "இன்னும் ஒரு ஓவர் எண்டு நான்தான் கேட்டனான்" என்று மட்டும் சொன்னார். மற்றவர்களுக்கு அவரே ஒவ்வொருவராக ரெலிபோன் அடித்துச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பத்துப் பேர் பந்து பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் புல்லில் நடந்து வந்தான். கழகத்தின் மேற்சட்டையில் இடது கையை மட்டும் நுழைத்திருந்தான். வலது கைப்பகுதி காலியாகத் தொங்கியது. பந்து பிடிப்பது நின்றது. எல்லோரும் என் மேசையைச் சுற்றி வந்தார்கள். அவன் ஒருமுறை வானத்தைப் பார்த்தான்.

"அக்கா, நான் நிக்கிறன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிள்ளையிடம் அதைச் சொன்னேன்.

"டேனிஷிலை சொல்லு."

"யாய் ப்லீவர்" என்றான். இருக்கிறேன், போகவில்லை.

இந்த முறை ஒருவரும் கை தட்டவில்லை. என் கணவர் போய் இன்னொரு கதிரை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டார். நான் பென்சிலை அவனுடைய இடது பக்கமாக நீட்டினேன்.