போலீஸ் சொல்லிக்கொடுத்த கேள்வி

இந்த ஊரில் போலீஸ்காரர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். எங்கள் கம்பம் ஊரில் ஏட்டையாவுக்குப் பெயர் என்று ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது. இங்கே மெல்போர்னில், "நான் எமிலி" என்று ஒரு போலீஸ்காரம்மா சொல்ல, அதைத் தமிழில் சொல்லிப் பிழைக்கிறேன். தொலைபேசி மொழிபெயர்ப்பு வேலை. வீட்டில் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாத இருவருக்கு நடுவே குரலாக இருக்க வேண்டும். சில நாள் அதைத் தவிர நான் யாரிடமும் பேசுவதே இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது. தமிழ் ஆள் ஒருவர் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறார். மனம் உடைந்தவர்களிடம் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்றவராம் எமிலி. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நம்ம ஊர் என்றால் இந்நேரம் கடப்பாரை வந்திருக்கும், தெருவே கூடியிருக்கும். எமிலிக்கு அவசரமே இல்லை. நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

சாவு என்ற வார்த்தையைத் தமிழில் சொல்ல எனக்கு வரவில்லை. வெளியே கிளம்புகிறவன் "போறேன்" என்றாலே, "வாரேன்னு சொல்லுடா" என்று அதட்டுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். "மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்காண்ணே?" என்று மழுப்பினேன். எமிலிக்குத் தமிழ் தெரியாது. என் குரல் குழைந்தது மட்டும் தெரிந்துவிட்டது. நான் கேட்டதையேதான் கேட்டீர்களா என்றார். எங்களில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்றேன். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்டால்தான் அவரால் சொல்ல முடியும் என்றார். கேட்டேன். அந்த ஆள் ஓவென்று அழுதார். பிறகு கதவு திறந்தது.

அழைப்பு முடிந்ததும் தம்பி ஞாபகம்தான். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் பார்க்கிறான். கொஞ்ச நாளாகவே போனில் 'ம்' என்பதோடு சரி. சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்பாள் அம்மா. காத்துக்கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தாள். நானும் மழை பெய்ததா, பன்னீர் திராட்சை என்ன விலை என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அன்று மழையைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, செத்துப்போயிரலாம்னு தோணுதாடா?"

திராட்சைப் பந்தலுக்குள் கிளி கத்துவது கேட்டது.

"ஆமாக்கா."

"நான் இருக்கேன்டா."

"எங்கனக்கா இருக்க?"

எமிலிக்கு உட்கார அந்த ஆளின் வாசல் இருந்தது. எனக்கு இந்தப் போன் மட்டும்தான். வைக்காதே, பேசிக்கொண்டே வீட்டுக்கு நட என்றேன். வீடு சேர்ந்ததும் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, அவளிடமும் சாவு என்ற அதே வார்த்தையைச் சொன்னேன். வாயைக் கழுவு என்று திட்டுவாள் எனப் பயந்தேன். திட்டவில்லை. "தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ வச்சிராத ஆத்தா" என்று, போனை அணைக்காமல் மடியில் முடிந்துகொண்டு, தம்பியோடு பக்கத்து வீட்டுக் காரில் ஏறினாள்.

உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி. ஒவ்வொரு ஊரின் பஸ் ஹாரனும் அம்மாவின் மடிக்குள் கிடந்த எனக்குக் கேட்டது. நடுநடுவே தம்பி இருமினான். மெல்போர்ன் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தேனி வரும்வரை நான் எழுந்து விளக்குகூடப் போடவில்லை.