கஸ்பார் சொல்லாமல் விட்ட பெயர்

கஸ்பார் போய்விட்டான்.

காலையில் அவன் மகள் போன் பண்ணினாள். "மாமா... அப்பா எந்திரிக்கல மாமா..." செருப்புகூடப் போடாமல் திரேஸ்புரத்தில் அவன் வீட்டுக்கு ஓடினேன். தூக்கத்திலேயே மாரடைப்பாம்.

நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு அஞ்சலி போடுகிறீர்கள். பவளப்பாறைக் காவலன் என்று ஒரு போட்டோ சுற்றுகிறது. சிமெண்ட் சட்டத்தில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலுக்கடியில் வளர்க்கிற டீமில் இருந்தானே, அந்தக் கஸ்பாரைத்தான் உங்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த கஸ்பார் கையில் கடப்பாரை இருக்கும்.

இருபது வயதில் அவனும் நானும் சேர்ந்தே மூழ்குவோம். பவளக்கல்லை நெம்பி உடைத்து, வள்ளம் நிறைய ஏற்றி வந்து, சுண்ணாம்புக் காளவாசலில் இறக்குவோம்.

மத்தியானச் சோறு பக்கத்துத் தீவில். நாலு செடி, கொஞ்சம் மணல், நிறைய நண்டு... அவ்வளவுதான் தீவு. நண்டுக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் சாப்பிட மாட்டான், கிறுக்குப் பய.

அலையைத் தடுக்கிற கல்லைத்தான் உடைக்கிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இல்லை, பொய் சொல்லக் கூடாது. அவனுக்குத் தெரியும். "ஏலே, கல்லு போச்சுன்னா மண்ணும் போயிரும்லே" என்றான் ஒருநாள்.

"ஒனக்கு வேற சோலி இல்லியா... நெம்புலே" என்றது நான்.

அப்புறம் பவளக்கல் எடுக்கத் தடை வந்தது. நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற டாலி கிளார்க் ஆனேன். அவன் கடலை விடவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் என்னைக் கூட்டிப்போனான். நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தினான். "இங்கனதாம்லே சோறு தின்னோம்." சுற்றிலும் தண்ணீர். எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை எனக்கு.

என் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை, கடலுக்குள் போன அந்தத் தீவைப் பற்றிப் பேச வந்தான். கடைசி வரிசையில் நான். ஒரு பிள்ளை எழுந்து, "அந்தத் தீவ அழிச்சது யாரு அங்கிள்?" என்றாள்.

"நாந்தாம்மா."

"ஒத்த ஆளாவா?"

"ஆமா. நான் மட்டுந்தான்." என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். அவனும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதை என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அஸ்திவாரம் அந்தப் பவளக்கல்தான். கஸ்பார் எப்போது வந்தாலும் இந்தப் படியில் உட்காராமல் நின்றே பேசுவான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இனி அந்தத் தீவைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் இல்லை. அந்த மணலை மிதித்தவன் என்று பார்த்தால் நான் ஒருத்தன்தான் பாக்கி.

நாளை நாலு மணிக்கு அடக்கம்.

ஸ்டெல்லா, பெங்களூரில் இருந்து நீ இதைப் படிப்பாய். உன் கஸ்பார் மாமா அன்றைக்கு உன் பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னான். நீ எழுந்து நின்று கை தட்டினாய்.

வள்ளத்தில் ரெண்டு கடப்பாரை இருந்தது தாயி.

போயிட்டு வாலே மக்கா...